பின் வரிசையில் வேந்தன்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

நீ போனை எடுக்க மாட்டேங்கிறே. தியேட்டர் விலாசத்துக்கு எழுதினா மேனேஜரான உன் மேஜைக்கு எப்படியும் வந்து சேரும்னுதான் காகிதமும் பேனாவுமா உட்கார்ந்திருக்கேன்.

போன வாரம் எதிர்வீட்டு டீச்சர் வந்தாங்க. "உங்க அப்பா நடிச்ச பழைய படத்துக்கு அந்த ஊர்ல கூட்டம் அலைமோதுதாம்!"னு சந்தோஷமா சொல்லி, போன்ல ஒரு வீடியோவைப் போட்டு அப்பா கையிலயே கொடுத்துட்டாங்க. அதை அவங்களே முழுசா பார்க்கல போல. 'எட்டுத் திசை வேந்தன்'. அப்பா கவசத்தோட, அது கனம் தாங்காம தள்ளாடிக்கிட்டு, அரண்மனைப் படியில இறங்கி வர்றார். அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்குது. திரைக்கு முன்னால ஒருத்தன் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "பார்த்து வேந்தே, வாளியில தண்ணி தளும்புது"ங்கிறான்.

டீச்சருக்கு முகமே செத்துப்போச்சு. போனைப் பிடுங்கிக்கிட்டு ஓடாத குறையா போயிட்டாங்க. மைக்ல பேசினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுது. அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும். ஜன்னல் பக்கமா திரும்பி உட்கார்ந்துக்கிட்டார்.

அந்தப் படத்தோட பேரையே இந்த வீட்டுல யாரும் சொல்றதில்ல. அதோட அவருக்கு வேஷம் வர்றது நின்னுது, பேச்சு நின்னுது, அம்மாவோட சிரிப்பும் நின்னுது. இப்போ அவருக்கு நெஞ்சுல நீர் கோத்திருக்கு. கட்டில்ல இருந்து குளியலறை போறதுக்குள்ள மூச்சு வாங்குது. நீ என்னடான்னா ஊரைக் கூட்டி வச்சு, பெத்தவரைக் காட்டி வேடிக்கை பண்ணிக்கிட்டு இருக்கே.

நிறுத்து. வேற ஒண்ணும் கேட்கல.

அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

நாலு வருஷம் கழிச்சு எழுதுறே. எப்படிடா இருக்கேன்னு ஒரு வார்த்தை இல்ல. பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கேன்.

நான் ஒண்ணும் திட்டம் போட்டு ஆரம்பிக்கல. புதுப் படம் ஒண்ணு கடைசி நேரத்துல வராம போச்சு. கிடங்குல கிடந்த பெட்டியைத் திறந்து எது கைக்குக் கிடைச்சுதோ அதைப் போடச் சொன்னேன். ஓட ஆரம்பிச்சதும்தான் என்ன படம்னே பார்த்தேன். நர்ஸ் படிப்பு படிக்கிற பொண்ணுங்க நாலஞ்சு பேர் நடுவுல உட்கார்ந்திருந்தாங்க. அவங்கதான் முதல்ல சிரிச்சாங்க. அடுத்த வாரம் தோழிங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமையானா நாற்காலி கிடைக்கிறதில்ல.

நான் சேர்த்தது கொஞ்சம்தான். மத்ததெல்லாம் படத்துலயே இருக்கு. அதுவரைக்கும் நடிச்ச படத்துல எல்லாம் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, "நீங்க சொன்னா சரிதான் மாமா"ன்னு வழியிற மாப்பிள்ளை வேஷமே போட்டு வந்த மனுஷன். அவரை உலகத்தையே ஜெயிச்ச வேந்தனா போட்டா என்ன ஆகும்? கிரீடம் வேற எவனுக்கோ செஞ்சது, தலையாட்டினா புருவத்துக்கு இறங்குது. அதனால கழுத்தைத் திருப்பாம பேசுறார். கண்ணாடி இல்லாம கண்ணு தெரியல, தூணைப் பார்த்து, "தளபதி, உன்னை நம்பித்தான் இருக்கிறேன்"ங்கிறார். ராணி அவரைவிட ஒரு முழம் உயரம். பாட்டுல அவரைப் பெட்டி மேல நிக்க வச்சிருக்காங்க. பாட்டு நடுவுல இறங்கி நடந்ததும் வேந்தர் ராணியோட தோளுக்குக் கீழ காணாம போறார். எல்லாத்துக்கும் மேல அந்தக் கீச்சுக் குரல். "படை எடுங்கள்!"னு முழங்கினா, "குடை எடுங்கள், மழை வருது"ன்னு கேட்குது.

பதினாலு வயசுல, வீட்டுக்கு வந்த விருந்தாளிங்க முன்னால இதையேதான் பேசிக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. உன் அப்பா விட்ட ஒரு அறையில இடது காது போனது போனதுதான். அப்போ நீயும் அங்கதான் இருந்தே. அவரைப் பார்த்து 'நிறுத்து'ன்னு சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல.

நான் நிறுத்துறதா இல்ல.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சிட்டு கிழிச்சுப் போடத்தான் நினைச்சேன். ஆனா நேத்து நடந்ததை உனக்கு எழுதாம இருக்க முடியல.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல இப்போ எனக்குப் பகல் ஷிப்டு. வேலை முடிஞ்சு வந்து அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கப் போனா, "அந்த வீடியோ உன் போன்ல வருமா?"ன்னு கேட்டார். வேண்டாம்பான்னேன். "வருமா, வராதா?"ன்னார். போட்டேன். போனைக் காதோட ஒட்டி வச்சுக்கிட்டார். பார்க்கவே இல்ல, கேட்டார். முடிஞ்சதும் மறுபடி போடச் சொன்னார். அப்புறம், "எந்த இடத்துல ரொம்ப சிரிக்கிறாங்களாம்?"னார்.

நீ எழுதியிருந்த தூண் காட்சியைச் சொன்னேன்.

அந்த வேஷம் வந்த கதையை அப்புறம் அவரே சொன்னார். நடிக்க வேண்டிய ஆள் படப்பிடிப்புக்கு முந்தின வாரம் ஓடிட்டானாம். தயாரிப்பாளர் நம்ம பெரிய மாமாதானே, "மாப்பிள்ளை, நீங்க போடுங்க வேஷத்தை"ன்னுட்டாராம். கவசத்தை மாட்டிக்கிட்டு கண்ணாடியில பார்த்ததும் அப்பாவுக்கே அடக்க முடியாத சிரிப்பாம். "இதை நகைச்சுவைப் படமாவே எடுத்துடுவோம் மச்சான், ஊரே சிரிக்கும்"னு சொன்னாராம். "வாயை மூடிக்கிட்டு நடிங்க"ன்னாராம் மாமா.

"படம் வந்த அன்னிக்கு அரங்கத்துல போய் உட்கார்ந்தேன். இருமல் சத்தமும் நாற்காலி மடங்குற சத்தமும்தான். ஒருத்தராவது சிரிச்சிருக்கலாம்மா"ன்னார்.

அப்போ தம்பியை ஏன் அடிச்சீங்கன்னு கேட்டேன். போனை என் கையில கொடுத்துட்டு மாத்திரையை எடுத்து முழுங்கினார்.

உன் தியேட்டருக்கு வரணுங்கிறார். அந்தச் சிரிப்பை நேர்ல கேட்கணுமாம்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

கூட்டிட்டு வா. ஞாயிறு நாலு மணிக் காட்சி.

அவர் சிரிப்பைக் கேட்க வர்றார்னு நீ நம்பலாம். நாலு பேர் முன்னால என்னை அவமானப்படுத்தத்தான் வர்றார். வரட்டும். நானும் தயாரா இருக்கேன்.

தம்பி


மார்ச் 4

அக்காவுக்கு,

ஒரு வார்த்தை சொல்லாம கிளம்பிட்டீங்க. வண்டி தெரு முனையில திரும்புறதைத்தான் பார்த்தேன்.

நான் என்ன குறை வச்சேன்? அவரைத் திருப்பி அடிக்கணும்னுதான் இருந்தேன், ஒளிச்சுப் பேசல. ஆனா வாசல்ல நீ அவரைச் சக்கர நாற்காலியில உட்கார வச்சு, கால் மேல போர்வையைப் போட்டு, ஆக்சிஜன் உருளையை மடியில வச்சதைப் பார்த்ததும் பேச வச்சிருந்ததை எல்லாம் விட்டுட்டேன். முன் வரிசையில இடம் போட்டேன். மைக்கை எடுத்தேன். "இன்னிக்கு நம்மகூட உட்கார்ந்து படம் பார்க்க வந்திருக்கிறவர் யார் தெரியுமா?"ன்னேன். அத்தனை பேரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. சில பேர் கண்ணைத் துடைச்சாங்க. அப்புறம் கடைசி வரைக்கும் ஒருத்தர் சிரிக்கல. கிரீடம் விழுந்தப்பவும் சிரிக்கல. அம்மாவும் அதுல ஒரு காட்சியில வர்றாங்களே, அப்போகூட ஊசி விழுந்தா கேட்கும். நர்ஸ் பொண்ணுங்க வாயில துணியை வச்சு சிரிப்பை அடக்கிக்கிட்டாங்க.

இதுக்கு மேல ஒரு மகன் என்ன மரியாதை பண்ணணும்? கடைசியில அவர் கையைக்கூட தூக்கல. என் முகத்தைப் பார்க்கல. நீயும் பார்க்கல.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

நீ குறை வச்சதா நான் சொல்லல. அன்னிக்கு நீ பேசினது எனக்கு நல்லாத்தான் இருந்துது. ஆனா அப்பா வண்டியில ஏறினதும் அழுதார். அம்மா போனப்பகூட அவர் அழுது நான் பார்த்ததில்ல.

"படம் வந்த அன்னிக்கு மாதிரியே இருந்துது. அதே இருமல்"னார். "நான் உள்ளே போனாலே ஜனங்க வாயை மூடிக்கிறாங்கம்மா."

உன் மேல கோபமான்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டினார். இன்னொரு தடவை போகணும், யாருக்கும் தெரியாம பக்கவாட்டு வழியா போகணும், தொப்பி போட்டுக்கிறேன், மூக்குக் குழாய் தெரியாம முகத்தை மூடிக்கிறேன்னு சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கிட்டே வந்தார். டாக்டரைக் கேட்டேன். அடிக்கடி அலைய விடாதீங்க, ஆனா எதையும் ரொம்பத் தள்ளிப் போடாதீங்கன்னார். அவர் என்ன சொல்ல வந்தார்னு உனக்கே தெரியும்.

அறிவிப்பு கூடாது. வழக்கமா எப்படி நடத்துவியோ அப்படியே நடத்து. இருக்கார்னு நினைச்சு ஒண்ணையும் குறைக்காதே.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

சரி. இந்த ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறு. பக்கவாட்டுக் கதவை ஆபரேட்டர் திறந்து வைப்பார், அவருக்கு மட்டும் சொல்லியிருக்கேன். பின் வரிசையில கடைசி நாற்காலியைக் கழட்டச் சொல்லிட்டேன், சக்கர நாற்காலி நிக்கும். விளக்கு அணைஞ்சப்புறம் வாங்க.

நீ எழுதினதை நினைச்சுப் பார்த்தேன். சிரிப்பைக் கேட்கத்தான் வர்றார்னா, அன்னிக்கு நான் அவரை ஏமாத்திட்டேன். இந்தத் தடவை நல்லா பண்றேன்னு சொல்லு. உன் அப்பாகிட்ட இல்ல. அப்பாகிட்ட சொல்லு.

தம்பி


மார்ச் 25

நடந்தது உனக்குத் தெரியணும். திரைக்கு முன்னால நின்ன உனக்கு, பின் வரிசையில என்ன நடந்துதுன்னு தெரிஞ்சிருக்காது.

முதல் ஒரு மணி நேரம் அவரை நீ பார்த்திருக்கணும். தூணைப் பார்த்துப் பேசினாரே, அப்போ சனங்க சிரிச்சாங்க, அவரும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சார். "இங்க பாரு, இப்போ விழும் பாரு"ன்னு கிரீடம் விழறதுக்கு முன்னாடியே சொன்னார். நீ அந்த வாளி வசனத்தைச் சொன்னப்போ, "பய நல்லா சொல்றான்"னார். மூச்சு இரைச்சுது, ஆனா அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்ல.

அப்புறம் அம்மா வந்தாங்க.

வேந்தனுக்கு வச்ச விஷத்தைத் தான் குடிச்சுச் சாகிற பணிப்பெண். அம்மா நடிச்ச ஒரே வேஷம். விழுந்தாங்க. தலையைத் தூக்கி, "வேந்தே"ன்னாங்க. "இன்னும் இருக்கு!"ன்னு அரங்கமே சேர்ந்து கத்துச்சு. மறுபடி விழுந்தாங்க, மறுபடி தூக்கினாங்க. "இன்னும் இருக்கு!" ஒவ்வொரு தடவையும் கத்தல் ஏறிக்கிட்டே போச்சு. பழக்கப்பட்ட கத்தல்டா அது. வாராவாரம் கத்தினாத்தான் அப்படி ஒரே குரலா வரும். கத்தச் சொல்லிக் கை காட்டினது நீ.

அப்பா எழுந்து நின்னுட்டார். எப்படி நின்னார்னு தெரியல, நான் பிடிக்கிறதுக்குள்ள குழாயை இழுத்துப் போட்டார். "சிரிக்காதீங்க! அவ என் பொண்டாட்டி! நிறுத்துங்க!"ன்னார்.

அந்தக் குரல்தான் உனக்குத் தெரியுமே. திரையில கேட்ட அதே கீச்சுக் குரல். யாரோ வேந்தன் மாதிரியே பேசிக் காட்டுறான்னு நினைச்சுட்டாங்க. அதுவரைக்கும் சிரிச்சதெல்லாம் ஒரு சிரிப்பே இல்லடா. "வேந்தே, இன்னொரு தடவை!"ன்னு ஒருத்தன் கத்தினான். கை தட்டினாங்க. அவர் திரும்பச் சொன்னார். இன்னும் சிரிச்சாங்க. அவர் கெஞ்சக் கெஞ்ச சிரிச்சாங்க.

ஆபரேட்டரும் நானும்தான் தூக்கிக்கிட்டு வந்தோம். இப்போ என் ஆஸ்பத்திரியிலதான் இருக்கார், மூணாவது மாடி.

ஒண்ணையும் குறைக்காதேன்னு நான்தான் எழுதினேன். அது தெரியும். ஆனா அம்மாவையுமாடா?

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

அந்தக் கத்தலை நான் ஆரம்பிக்கல, தானா வந்துது. ஆனா வந்ததை வளர்த்தது நான்தான். திரைங்கிற வெள்ளைத் துணியில விழுந்து எழுந்திரிக்கிற பொம்பளை அம்மாங்கிறதே மறந்து போற அளவுக்கு அந்தப் படத்தைப் பார்த்திருக்கேன். முதல் வாரம் அந்தக் காட்சியில வெளியில போய் நின்னேன். அப்புறம் வெளியில போகல.

நீ எழுதாத ஒண்ணு இருக்கு. உனக்கு அது தெரியாம இருக்கலாம். நானே சொல்லிடுறேன்.

அப்பா கத்தினப்போ அது எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு எனக்குத் தெரியல. ஒரு காதை வச்சுக்கிட்டு சத்தம் வர்ற திசையைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கேயோ இருந்து வேந்தனோட குரல் வருது, "அவ என் பொண்டாட்டி"ங்குது. நீங்க பின்னால இருக்கீங்கன்னு தெரியும். தெரிஞ்சும், யாரோ ஒருத்தன் பிரமாதமா பண்றான்டான்னுதான் முதல்ல தோணுச்சு. சிரிச்சிட்டேன். வாய்க்கு நேரா மைக் இருந்துது. என் சிரிப்பு அரங்கம் முழுக்க கேட்டுது.

இரண்டாவது தடவை அவர் 'நிறுத்துங்க'ன்னப்போதான் எனக்கு உறைச்சுது. விளக்கைப் போடச் சொல்லிக் கத்தினேன். ஆபரேட்டர் அறையில ஆள் இல்ல, உங்களோட இருந்திருக்கார். நான் கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள பக்கவாட்டுக் கதவு ஆடிக்கிட்டு இருந்துது. தரையில அவர் தொப்பி கிடந்துது.

படத்தைப் பெட்டியில போட்டு மூடிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்தவங்க சண்டை போட்டாங்க. போட்டுட்டுப் போகட்டும்.

மூணாவது மாடிக்கு வரட்டுமா? வாசல் வரைக்குமாவது வர்றேன். உள்ளே விடலேன்னாலும் பரவாயில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். மைக்ல வந்த சிரிப்பு யாரோடதுன்னு அவருக்குத் தெரிஞ்சுதா?

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்னிக்கே நான் தியேட்டருக்குப் போன் பண்ண வேண்டியதாயிடுச்சு. நீ வந்ததைப் பார்த்தேன். அப்பாவை எடுத்துக்கிட்டுப் போனப்போ எதிர்வீட்டுச் சுவரோரமா நின்னுக்கிட்டு இருந்தே. டீச்சர் உன்னை உள்ளே கூப்பிட்டாங்க, நீ வரல. நான் கூப்பிடல. கூப்பிட்டிருக்கணுமான்னு இன்னும் தெரியல.

கடைசி நாட்கள்ல அவர் பேசினது கொஞ்சம்தான். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன். கரண்டியைத் தள்ளிட்டு, "அது நான் சொல்லிக் கொடுத்ததும்மா"ன்னார். எதுப்பான்னேன். டைரக்டர் அம்மாவை ஒரே மூச்சுல விழுந்து சாகச் சொன்னாராம். அப்பாதான் ஓரமா கூட்டிட்டுப் போய், "உடனே செத்துடாதே. முடிஞ்ச வரைக்கும் தலையைத் தூக்கு. தூக்குற வரைக்கும் கேமரா உன்னை விட்டுப் போகாது"ன்னு சொன்னாராம். அவங்களுக்கு இருக்கிறது அந்த ஒரு காட்சிதானே. இன்னும் கொஞ்ச நேரம் திரையில இருக்கட்டும்னு நினைச்சிருக்கார். அம்மா அவர் சொன்னபடியே செஞ்சாங்க. ஊர் சிரிக்கிற மாதிரி ஆக்கிட்டேனே, ஆக்கிட்டேனேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தார். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். காதுல வாங்கல. அந்த நினைப்போடதான் போனார்.

லீவு எடுத்துக்கச் சொன்னாங்க. நாலு நாள்தான் வீட்டுல இருந்தேன். வீட்டுல உட்கார்ந்து என்ன பண்றது? திரும்பப் போன அன்னிக்கு மூணாவது மாடியில இருந்து விரிப்பு மூட்டை வந்துது. எல்லாம் ஒரே வெள்ளை. அவர் படுத்த விரிப்பு எப்பவோ துவைச்சு, வேற யாருக்கோ விரிச்சு, மறுபடி இந்த மூட்டையிலகூட வந்திருக்கும். எதுன்னு கண்டுபிடிக்க முடியல. யாரையும் தொட விடாம அத்தனையையும் நானே துவைச்சுத் தேய்ச்சேன்.

நீ கேட்டதுக்குப் பதில். தெரிஞ்சுது. அன்னிக்கு வண்டியில ஏத்தி, மூச்சு கொஞ்சம் அடங்கினதும், "அவன் சிரிச்சான்"னார். திட்டுற மாதிரி சொல்லல. மன்னிச்ச மாதிரியும் சொல்லல. ஆறுதலா ஏதாவது சேர்த்து எழுதலாம்னு பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லாததை நான் எப்படி எழுதுறது?

இப்போதைக்கு வீட்டுக்கு வராதே. எழுது. படிப்பேன்.

அக்கா